ஊசித்துளை வழியே இறங்கும் கோடு

செங்கல்பட்டுப் பக்கம் ஆரி எம்பிராய்டரி வகுப்பில் சேரும் ஒருவர், சங்கிலித் தையல் கைக்கு வந்ததும் அடுத்துக் கற்பது டிரேஸ் போடுவதைத்தான். பிடித்த டிசைனை டிரேஸ் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளையிடுகிறார்கள். தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்கிறார்கள். தாளை எடுத்தால் மயிலோ மாங்காயோ வெள்ளைப் புள்ளிகளாகத் துணியில் இறங்கியிருக்கும். வெளிர்நிறத் துணி என்றால் ஜிங்க் பவுடருக்குப் பதில் நீலப் பொடி. பெயர் தைத்த ஹூப், மணமக்கள் உருவம் வைத்த ரவிக்கை, பிறந்தநாளுக்குப் பெயரிட்ட கைக்குட்டை என்று இன்று வீட்டிலிருந்தே செய்து தரப்படும் பரிசுகளில் பெரும்பகுதி இந்தத் துளைத்தாளையோ, அதன் எளிய உறவான கார்பன் தாளையோ நம்பியிருக்கிறது.

இந்த முறையைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வரையத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகக் கைவினைப் பக்கமே வராமல் இருந்த எத்தனையோ பெண்களுக்கு இது கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஒரு தாளைப் பலமுறை பயன்படுத்தலாம். ரவிக்கையின் இரண்டு கைகளுக்கும் ஒரே தாள் போதும். திருப்பிப் போட்டால் எதிர்க்கைக்கான டிசைன் பிசகாமல் அமைகிறது. கார்பன் தாள் துணியில் கறை விடும், கை பட்ட இடமெல்லாம் இழுக்கும். துளைத்தாளில் அந்தத் தொல்லை குறைவு. கோடு எங்கே போகும் என்ற பயம் நீங்கிவிட்டால், கற்பவரின் கவனம் முழுவதும் தையலின் இழுப்பிலும் மணி கோக்கும் இடைவெளியிலும் நிற்கும். தொடக்கத்தில் வேண்டியது அதுதான்.

குறை அடுத்த கட்டத்தில் தெரிகிறது. டிரேஸ் பேப்பர் கோட்டைத் தருகிறது, அளவைத் தருவதில்லை. எட்டு அங்குல மயிலைத் தைத்துப் பழகியவரிடம் அதையே மூன்று அங்குலப் பர்சுக்குக் கேட்டால், ஜெராக்ஸ் கடையில் சுருக்கி எடுத்து வருவார். சுருங்கிய மயிலின் தோகையில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் கண் அவருக்கு இன்னும் வளரவில்லை. பல குறுகியகால வகுப்புகள் அதைத் தம் வேலையாக நினைப்பதும் இல்லை.

கிழக்கே மாமல்லபுரத்துக்குப் போனால் நகலெடுப்பதற்கு வேறொரு மரபு இருக்கிறது. 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்லூரியும், ஊரிலுள்ள பட்டறைகளும் அதைத்தான் கற்றுத்தருகின்றன. அங்கேயும் மாணவர் நகல்தான் எடுக்கிறார். கொடிக்கருக்கையும் யாளி முகத்தையும் திரும்பத் திரும்ப வரைகிறார். அவர் நகலெடுப்பது வெளிக்கோட்டை மட்டும் அன்று, விகிதத்தை. உத்தம தச தாளம் என்ற சிற்ப அளவுமுறையில் ஒரு தெய்வ உருவம் என்றால் மொத்த உயரம் 124 பங்கு. முகத்துக்கு எத்தனை, கழுத்துக்கு எத்தனை, முழங்காலுக்கு எத்தனை என்பது அதற்குள் அடங்கிய கணக்கு. அதனால் உள்ளங்கை அளவிலும் ஆள் உயரத்திலும் அதே உருவத்தை அவரால் செய்ய முடியும். அந்தக் கல்லூரியை நடத்திய கணபதி ஸ்தபதிதான் 2000 ஜனவரி 1இல் திறக்கப்பட்ட குமரிமுனைத் திருவள்ளுவர் சிலையை வடித்தவர். பீடம் 38 அடி, உருவம் 95 அடி. அந்த உயரத்துக்கு எந்தத் தாளும் போதாது.

இதைவிட முக்கியமானது கல்லின் குணம். சிற்பி செங்காவியால் கல்மேல் வரைகிறார். முதல் சுற்று உளி விழுந்ததும் அந்தக் கோடு சில்லோடு சில்லாகப் போய்விடுகிறது. மறுபடி வரைகிறார், மறுபடி போகிறது. துணியில் கோடு வேலை முடியும்வரை காத்திருக்கும், கல் காத்திருப்பதில்லை. அதனால் உருவம் சிற்பியின் கையிலேயே தங்கியாக வேண்டும். துணியில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்பதால், அதைப் பயிற்சியாகவே புகுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

துளைத்தாளுக்கும் சிற்பியின் விகிதக் கணக்குக்கும் நடுவே கட்டம் போடும் முறை இருக்கிறது. படத்தின்மேல் சிறு சதுரங்கள், தாளில் பெரிய சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து வரைய வேண்டும். டிரேஸைவிட நேரம் பிடிக்கும், முதல் முயற்சி கோணலாகவும் வரும். ஆனாலும் கண்ணைப் பழக்கும். மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட குடைவரைகளில் பாறை முகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, இடையில் ஆழமாகப் பள்ளம் இழுத்திருப்பதைக் காணலாம். அது கல்லை உடைத்தெடுக்கப் போட்ட கட்டம், வரையப் போட்டதன்று. பெரிய பரப்பைச் சிறு சதுரங்களாக்கிக் கைவசப்படுத்தும் புத்தி மட்டும் இரண்டுக்கும் பொது.

அதே ஊரின் அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்கும் தவசியைப் பார்த்துவிட்டு, கீழே எலிகள் சூழத் தவக்கோலத்தில் நிற்கும் பூனையைப் பாருங்கள். உயர்த்திய கைகள் அதேதான். ஆனால் தோள் பூனையின் தோள், வயிறு பூனையின் வயிறு. ஒரு நிலையை எடுத்து இன்னோர் உடலுக்குப் பொருத்தியவன் அதைப் புரிந்துகொண்டு எடுத்திருக்கிறான். நகல் எந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதற்கு எனக்கு இதுவே அளவுகோல்.

பரிசின் தனித்தன்மைக்கு வருவோம். பெயரைப் பதித்துவிட்டால் பரிசு தனிப்பட்டதாகிவிடுகிறது என்ற நம்பிக்கை கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளில் சாவிக்கொத்துவரை பரவியிருக்கிறது. நம் வீடுகளில் இதற்குப் பழைய வடிவம் ஒன்று உண்டு: எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் ‘இன்னார் அன்பளிப்பு’ என்று தேதியோடு புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவது. பாத்திரக் கடைக்காரர் சின்ன உளியால் தாளின்றி நேராக வெட்டுவார். அதில் கொடுப்பவரின் பெயர் இருக்கும், உறவு இருக்கும், நாள் இருக்கும். இன்றைய பரிசுகளில் பெறுபவரின் பெயர் மட்டுமே இருக்கிறது. கொடுப்பவர் காணாமல் போய்விட்டார். பெயர் மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் பத்துப் பரிசுகளைத் தனிப்பட்டவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டி வாசலில் போடும் சிக்குக் கோலத்தைக் கட்டம் போட்டு எடுத்து, வெளியூரில் இருக்கும் பேத்திக்குத் தைத்துக் கொடுத்தால், அதில் பெயரே தேவையில்லை.

யாருடைய டிசைன் என்ற கேள்வியும் இருக்கிறது. பல்லவர் பாறைச் சிற்பத்தை யாரும் வரைந்து பழகலாம். இன்று பட்டறையில் உட்கார்ந்திருக்கும் சிற்பியோ ஆரிக் கலைஞரோ புதிதாக யோசித்த வேலையைக் கைபேசியில் படமெடுத்துத் துளைத்தாளாக்கி விற்பது வேறு. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கிறது. தனி ஒருவரின் கற்பனைக்கு அது வேலியாகாது. பழகுவதற்கு எடுத்ததை விற்காமலிருப்பதும், விற்றால் கேட்டு விற்பதும் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டியவை.

கடைசியாக எழுத்து. கடையில் எளிதாகக் கிடைப்பவை ஆங்கில எழுத்துத் தகடுகள். தமிழ் எழுத்தை அட்டையில் வெட்டினால் ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் துண்டு உதிர்ந்துவிடும், சிறு இணைப்பு விட்டு வெட்டத் தெரிய வேண்டும். ஊசித்துளையில் இறக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி மற்றப் புள்ளிகளோடு கலந்துபோகும். கார்த்திக் ‘காரததிக’ ஆகிவிடுவார். ரவிக்கைக்குத் திருப்பிப் போட்ட பழக்கத்தில் பெயர்த்தாளையும் திருப்பிவிட்டால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டுவிடும். ஆரி வகுப்புகள் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கலாம்: தாள் இல்லாமல், சாக்பீஸால் துணியில் நேராகத் தன் பெயரை எழுதி, அந்தக் கோட்டிலேயே தைக்கச் சொல்லலாம்.