பரிசுக்கு ஏற்ற ஒப்பினெல்

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் வடிவமைத்த மடக்குக் கத்தி, பரிசளிக்க மிகப் பொருத்தமானது. பெரும்பாலும் பீச் மரத்தாலான உருண்டைப் பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம், அலங்காரம் ஏதுமில்லை. 1955-இல் சேர்ந்த அந்த வளையத்தைத் திருகினால் விரித்த அலகு விரல்மேல் மடங்காது. 2000 முதல், மடக்கிய நிலையிலும் பூட்டலாம்.

அளவுகள் எண்ணால் குறிக்கப்படுகின்றன. 8-ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ.; ஆப்பிளும் ரொட்டியும் நறுக்கத் தோதானது. சட்டைப்பைக்கு 6-ஆம் எண்ணே மேல்.

அலகுத் தேர்வில்தான் பெறுபவரின் குணம் பார்க்க வேண்டும். கார்பன் எஃகு எளிதில் கூர்மையேறும். ஆனால் எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் வைத்தால் கறுக்கும், ஈரத்தில் துருப்பிடிக்கும். துடைத்து வைக்கும் பொறுமை இல்லாதவருக்குத் துருப்பிடிக்காத எஃகு போதும், அதில் குறைவொன்றுமில்லை. ஈரத்தில் மரம் ஊதி அலகு இறுகிவிட்டால், வளையத்தின் பூட்டை விடுவித்துப் பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு சற்றே வெளிவரும்.

கத்தி நட்பை வெட்டிவிடும் என்ற நம்பிக்கையால், பெறுபவர் ஒரு நாணயம் கொடுத்து அதை ‘விலைக்கு’ வாங்கிக்கொள்வது பிரான்சில் வழக்கம். விமானத்தில் கொண்டுபோவதானால் கைப்பையில் வைக்கக் கூடாது.