வனைதலும் கவித்தலும்: புறநானூற்றுத் தாழிப் பாடல்கள் இரண்டில் குயவர் தொழில்

ஆய்வுச் சுருக்கம்

புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் முதுமக்கள் தாழிக்கான இலக்கியச் சான்றுகளாகவே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. அவ்விரண்டும் குயவரை முன்னிலைப்படுத்திப் பேசும் பாடல்கள் என்பதையும், அவற்றின் பொருள் மண்கலத் தொழிலின் இயல்பறிவை ஊன்றி நிற்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தாழி என்னும் சொல்லையும் கவித்தல் என்னும் வினையையும் அகழாய்வுச் செய்தியோடு நேருக்குநேர் பொருத்துவதில் உள்ள இடர்ப்பாடும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, வேட்கோ, தாழி, திகிரி, சூளை, முதுபாலை

முன்னுரை

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நிகழ்த்திய அகழாய்வு தொடங்கி, கீழடியை அடுத்த கொந்தகை, தாமிரபரணிக் கரைப் பகுதியின் சிவகளை ஆகியவற்றின் அண்மைக்கால அகழாய்வுகள் வரை, தாழிகள் வெளிப்படுந்தோறும் இவ்விரு பாடல்களும் உடன் அச்சேறுகின்றன. தாழியின் படத்துக்குப் பாடல் விளக்கக் குறிப்பாகிறது. பாடலுக்கு உரை எழுதுவோர்க்குத் தாழியின் படம் விளக்கமாகிறது. ஒன்றை மற்றொன்று மெய்ப்பித்துவிட்டதாகக் கொண்டு இரு துறையினரும் அமைதி கொள்கின்றனர். இந்தக் கொடுக்கல் வாங்கலில் இழப்புக்கு உள்ளாவது பாடல். அது யாரை விளித்துப் பேசுகிறது, அவரிடம் எதைக் கேட்கிறது, கேட்பது அவர் கைக்கு இயல்வதா என்னும் வினாக்கள் எழுவதே இல்லை.

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அதன் பழைய உரை 266ஆம் பாடல் வரையே கிடைத்திருந்தது. நம் இரு பாடல்களும் அவ்வெல்லைக்குள் அடங்குவன. எனவே உரைத்துணை இல்லாமையால் நேர்ந்த குறை என்று இதனைச் சொல்ல இயலாது.

கூற்றுவனிடமிருந்து குயவரிடம்

228ஆம் பாடல் ஐயூர் முடவனார் பாடியது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது எழுந்த கையறுநிலைப் பாடல்களுள் ஒன்று. அதற்கு முன்னுள்ள இரு பாடல்களோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் தனித்தன்மை புலப்படும். 226ஆம் பாடலில் மாறோக்கத்து நப்பசலையார், இவ்வேந்தனைக் கூற்றுவன் பகைத்துக் கொண்டிருக்க முடியாது, பாடுநர் போலக் கைதொழுது இரந்தே உயிரைப் பெற்றிருப்பான் என்கிறார். 227ஆம் பாடலில் ஆவடுதுறை மாசாத்தனார், விதைநெல்லைக் குற்றி உண்ட பேதை என்று கூற்றுவனை ஏசுகிறார். ஒரே சாவு; இருவர் நோக்கும் கூற்றுவன்மேல் நிற்கிறது. முடவனாரோ கூற்றுவனை ஒரு சொல்லாலும் நினைக்கவில்லை. மூதூரில் சூளை மூட்டிக் கொண்டிருக்கும் குயவரை நோக்கித் திரும்புகிறார். அரசன் இறந்தான் என்னும் செய்தி இப்பாடலில் ஒரு தொழிலாளியின் வாயிலுக்கு வந்த வேலையாக மாறிவிடுகிறது.

குயவரைப் பார்த்து அவர் இரங்குகிறார். அரசனுக்குரிய தாழியை வனைய நீ விரும்பினால், நிலத்தைத் திகிரியாகவும் பெருமலையை மண்ணாகவும் கொண்டு வனைய உன்னால் ஆகுமா என்பது வினா. இதனை உயர்வுநவிற்சி என்று பெயரிட்டுக் கடந்துவிடுவது வழக்கம். அணியின் பெயர் சரியே. அதன் அளவை மட்டும் பார்த்து அமைப்பைப் பாராமல் விடுவது சரியன்று. குயவரின் சக்கரம் தட்டையாகப் பரந்திருப்பது. அதன் நடுவில் ஊன்றிய ஈரமண் குவிந்து எழுந்து நிற்பது. பரந்த நிலமும் அதன்மேல் எழுந்த மலையும் அதே உறவில் அமைந்தவை. கலம் வனையத் தொடங்குமுன் சக்கரத்தில் மண் இருக்கும் காட்சியை அருகிருந்து கண்ட ஒருவர்க்கே இது தோன்றும். மலையைச் சக்கரமாக்கி நிலத்தை மண்ணாக்கியிருந்தால் பெருமை குன்றியிராது, தொழில் பிழைத்திருக்கும்.

இதே சோழர் குடியினனான நலங்கிள்ளியைக் கோவூர்கிழார் பாடிய 32ஆம் பாடலிலும் குயவர் சக்கரம் வருகிறது. வேட்கோச் சிறுவர் சக்கரத்தில் வைத்த பச்சைமண் அவர் கருதிய வடிவெல்லாம் கொள்வதுபோல, இந்நாடு அரசன் கருதிய முடிவுக்கு இசைவது என்பது அங்குக் கருத்து. அங்கே நாடு மண், அரசன் வனைபவன். 228இல் நிலம் சக்கரமாகக் கீழே கிடக்கிறது. அரசன் வனையப்படும் கலத்துக்குள் அடங்க வேண்டியவன். வனைபவர் உண்மைக் குயவர். உயிரோடு இருக்கும் அரசனுக்கு உருவகமாக வழங்கிய தொழிலை, இறந்த அரசன்முன் அத்தொழிலுக்கு உரியவரிடமே முடவனார் திருப்பித் தந்துவிடுகிறார். ஒரு பாடலை மற்றொருவர் அறிந்து பாடினார் என்று இதனால் நிறுவ முடியாது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாசகர்க்கு இம்மாற்றம் தெரியாமல் போகாது.

குயவரைக் கோ என விளிப்பதில் வேந்தன் என்னும் பொருளும் ஒலிக்கிறது என்று காட்டுவோர் உண்டு. 228இல் அது பொருந்தும்; அதனை மிகுதியும் அழுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. வேட்கோ என்பது தொழிற்குடியின் வழக்குப் பெயர். வேந்தன் எவனும் இல்லாத 256ஆம் பாடலும் அதே விளியை அதே அடுக்கில் ஆள்கிறது. சாவு நேர்ந்த வீட்டார் குயவரை நாடிச் சென்று விளித்த நடப்பு வழக்கே இவ்விளிக்கு அடி எனக் கொள்வது சொல்விளையாட்டை நாடுவதினும் இயல்பானது.

சூளையைப் பற்றி ஒரு சொல். இருள் செறிந்தாற்போன்ற புகை வானத்தில் ஊன்றி நிற்பதாகப் பாடல் தொடங்குவதைத் துயரச் சூழல் அமைக்கும் உத்தி என்று வகுப்பறையில் சொல்லி வருகிறோம். சூளை மூட்டிய தொடக்கத்தில், ஈரமும் தழையும் சேர்ந்து எரியும்போதுதான் புகை அவ்வாறு திரளும். அனல் ஏறிக் கலம் சிவக்கும் நேரத்தில் புகை மெலிந்துவிடும். ஆகவே பாடல் கேட்கப்படும் வேளையில் குயவர் வேறு கலங்களுக்கான வேலையில் முனைந்திருக்கிறார். துயரம் அவருடையதன்று, அவரிடம் கொண்டுவரப்படுகிறது.

அகலம் கேட்ட பெண்

256ஆம் பாடலின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. துறை முதுபாலை. சுரத்திடைக் கணவனை இழந்த பெண் தனித்துப் புலம்புவதே முதுபாலை என்பது தொல்காப்பியப் புறத்திணையியல் தரும் விளக்கம். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தைப் பற்றிக்கொண்டு வந்த சிறிய வெள்ளைப் பல்லி போலத் தன் கணவனோடு சுரங்கள் பல கடந்து வந்தவள், ஈமத்தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையுமாறு ஊர்க்குயவரை வேண்டுகிறாள்.

இப்பாடலை உடன்கட்டைக்குச் சான்றாக்கும் போக்கு ஒன்றுண்டு. பாடலில் தீ இல்லை. அவள் இன்றே இறக்கப்போவதாகவும் சொல்லவில்லை. தீப்பாய்தலைப் பாடிய பெருங்கோப்பெண்டின் 246ஆம் பாடல் அதே தொகுப்பில் இருக்கிறது. அங்குள்ளதை இங்கே ஏற்றிப் படிக்கக் காரணம் இல்லை. அவள் சொல்லில் உள்ள உம்மை கவனிக்கத்தக்கது. தனக்கும் என்கிறாள், கணவனுக்குரிய தாழி முன்பே கேட்கப்பட்டுவிட்டது. வனையப்போகும் கலத்தின் அளவை மாற்றுமாறு கேட்பதே அவள் செயல். உயரமோ அழகோ அவள் கேட்கவில்லை. அகலம் ஒன்றே கேட்கிறாள்.

அகலம் என்பது குயவர்க்கு எளிய கோரிக்கை அன்று. பெருந்தாழி முழுவதையும் ஒரே மூச்சில் சக்கரத்தில் எழுப்ப முயன்றால் ஈரச்சுவர் தன் எடையாலேயே சரியும். ஆதலின் பெரிய கலங்களை மண்திரிகளை அடுக்கியும், பகுதி பகுதியாக உலரவிட்டு ஒட்டியும் உயர்த்துவர். தமிழகக் குயவர் பானையைத் தடித்த சுவரோடு சக்கரத்தில் வனைந்து, சற்று உலர்ந்தபின் உள்ளே ஒரு கல்லை அணைத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி வயிற்றை விரிப்பர். விரியுந்தோறும் சுவர் மெலியும். சுவர் மெலிந்தால் உலரும்போதோ சூளையிலோ வெடிக்கும். அவள் கேட்கும் அகலத்துக்கு மண் மிகும், காலம் மிகும், கலம் கெட்டுப்போகும் அச்சமும் மிகும். அரசர்களிடமும் தெய்வங்களிடமும் வேண்டும்போது வரும் அருளுதல் என்னும் வினை இங்கே குயவரிடம் வேண்டும்போது வருவதை இப்பின்னணியில் வைத்து நோக்கினால், அது வெறும் பணிவுச்சொல் அன்று என்பது தெரியும். அவளிடம் அதற்கு ஈடாகத் தரப் பொருள் எதுவும் இருப்பதாகப் பாடல் காட்டவில்லை.

இரு பாடல்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். முடவனார் கேட்பது எந்தக் குயவராலும் முடியாதது. ஆகவே குயவர் இரக்கத்துக்கு உரியவராகிறார். இப்பெண் கேட்பது கடினமாயினும் முடிவது. ஆகவே குயவர் அருள வல்லவராகிறார். அரசனின் பெருமைக்கு முன் கைவினை தோற்கிறது. பெயரற்ற பெண்ணின் வேண்டுகோளுக்கு முன் அது ஆற்றல் பெறுகிறது. கையறுநிலைப் பாடல்களின் சிறப்பைப் பேசுமிடத்து 228ஐ முன்னிறுத்தி 256ஐ அதன் சிறு எதிரொலியாகக் கருதுவதுண்டு. என் மதிப்பீட்டில் பிந்தையதே வலிய பாடல்.

பல்லி உவமையையும் தொழிலோடு இணைத்தே காண வேண்டும். பல்லி வண்டியின் இருக்கையில் இல்லை. சுழலும் ஆரத்தில் இருக்கிறது. 32ஆம் பாடல் குயவர் சக்கரத்தைத் தேர்க்கால் என்றே குறிக்கிறது. ஆரமும் கனத்த விளிம்பும் உடைய குயவர் சக்கரம் வண்டிச் சக்கரத்தைப் பெரிதும் ஒத்தது. பழந்தமிழ் வழக்கில் இரண்டுக்கும் ஒரு சொல்லே வழங்கியிருக்கிறது. ஒரு சக்கரத்தைப் பற்றிச் சுரம் கடந்தவள் இன்னொரு சக்கரத்தின் முன் வந்து நிற்கிறாள். குயவர் சக்கரம் பாடலில் வெளிப்படச் சொல்லப்படவில்லை. வனைதல் என்னும் வினை அதனைக் கொண்டுவருகிறது.

தாழி என்னும் சொல்

இன்றைய ஆய்வெழுத்தில் தாழி என்றாலே முதுமக்கள் தாழிதான். சங்க வழக்கு அவ்வாறன்று. அகநானூற்றின் 275ஆம் பாடலில், கயமனார் காட்டும் வீட்டில், மகள் நீர்வார்த்து வளர்த்த வயலைக்கொடி உயர்ந்த தாழியில் இருக்கிறது. மகளோ காதலனோடு சுரம் போய்விட்டாள். நற்றிணை 271இல், மகள் உடன்போக்கில் சென்ற தாய், தன் உயிரைக் கொள்ளாத கூற்றம் தாழியால் கவிக்கப்பட்டு ஒழிக எனச் சினக்கிறாள். இவ்விரண்டும் உடன்போக்குப் பாடல்கள். காதலனைப் பின்தொடர்ந்து சுரம் சென்ற மகளுக்கு வீட்டில் ஒரு தாழி உண்டு. கணவனோடு சுரம் வந்து அவனை இழந்தவளுக்கு வேற்றூரில் ஒரு தாழி வேண்டியிருக்கிறது. பாலைக்கும் முதுபாலைக்கும் இடையே உள்ள தொலைவை இந்த ஒரு கலத்தின் பயன்பாடு அளந்து காட்டுகிறது. 256ஆம் பாடல் தாழி என்று நின்றுவிடாமல் ஈமம் என்னும் அடையைச் சேர்ப்பது இதனாலேயே பொருளுடையதாகிறது. அடையின்றி அச்சொல் கொடி வளர்க்கும் கலத்தையும் குறித்திருக்கும்.

கவித்தல் என்னும் வினை இன்னும் சிக்கலானது. 228இலும் நற்றிணை 271இலும் தாழி கவிக்கப்படுகிறது. மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதை, இறந்தோரை நீக்கும் ஐந்து முறைகளை எண்ணும்போது, ஐந்தாவதாகத் தாழியில் கவித்தலைச் சொல்கிறது. அகழாய்வுகளில் வெளிப்படும் தாழிகளோ பெரும்பாலும் குழியில் வாய் மேல்நோக்க நிறுத்தப்பட்டு, மேலே மூடி இடப்பட்டவை. கவித்தல் என்பதற்கு மூடுதல் என்னும் பொருள் கொண்டால் இரண்டும் இசையும். ஆனால் பெருஞ்சித்திரனார் பாடிய 238ஆம் பாடலில், கவிந்த செந்தாழியின் குவிந்த புறத்தில் பிணந்தின்னும் பறவைகள் அமர்ந்திருக்கின்றன. மண்ணுக்குள் புதைந்த கலத்தின்மேல் பறவை அமர வழியில்லை. அது தலைகீழாகக் கவிழ்த்துத் தரைமேல் விடப்பட்ட தாழியா, புதைத்த தாழியின் வெளித்தெரியும் மூடியா என்பதைப் பாடல் மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் பல, பாடல்களின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை என்பதையும் சேர்த்து எண்ணும்போது, கிடைத்த ஒவ்வொரு தாழிக்கும் கீழே இப்பாடல்களை அச்சிடும் வழக்கம் எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும்.

செந்தாழி என்னும் நிறக்குறிப்பு மட்டும் ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்துகிறது. ஈமத்தாழிகள் பெரும்பாலும் சிவப்பு நிறக் கலங்கள். உடன்வைத்த கிண்ணங்களிலும் தட்டுகளிலுமே கருப்பு–சிவப்பு வகை மிகுதி. தாராளமாகக் காற்றோடும் சூளையில்தான் மண் அவ்வாறு சிவக்கும். அப்பெண் கேட்ட அகலத்தில் தாழி ஒன்றை வனைந்திருந்தால், அதற்கென்று சூளையின் வாயையும் குயவர் இடித்து அகற்றிக் கட்டியிருக்க வேண்டும். அவர் என்ன விடை சொன்னார் என்பதைப் பாடல் தெரிவிக்கவில்லை.