பறையும் யாழும் ஒரே கூரையின்கீழ்: ‘ஃபால்அவுட் 3’ விளையாட்டின் வானொலி நிலையக் கட்டடம் குறித்த திணைநோக்குத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெதஸ்டா கேம் ஸ்டுடியோஸ் உருவாக்கி, 2008ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபால்அவுட் 3’ என்னும் கணினி விளையாட்டில் ‘கேலக்ஸி நியூஸ் ரேடியோ’ என்றொரு வானொலி நிலையக் கட்டடம் இடம்பெறுகிறது. அதனை ஓர் இலக்கியக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கருப்பொருள்களுள் பறையும் யாழும் அக்கட்டடத்தில் ஒருங்கே அமைந்திருப்பதும், பாலைக்குரிய பிரிவே ஆடுபவரை அங்கே இட்டுச்செல்வதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. பிரிவால் வருந்துபவருக்குச் செய்தி அங்கு விலைப்பொருளாவதும், கேட்போர்க்கு அங்கு இடமில்லாமையும் தமிழ் வானொலி வரலாற்றோடு ஒப்பிட்டுத் திறனாயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திணைக்கோட்பாடு, பாலை, கருப்பொருள், கணினி விளையாட்டு, வானொலி, வடசென்னை.

முன்னுரை

கணினி விளையாட்டு பற்றித் தமிழில் பேச்செழுந்தால் அது பெரும்பாலும் அடிமைப்பழக்கம், தேர்வு மதிப்பெண், கண்பார்வை என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையைக் களமாகக் கொண்டு ‘வெண்பா’ என்னும் விளையாட்டு 2023இல் வெளிவந்த பின்னரேனும், விளையாட்டையும் ஒரு பனுவலாகக் கொண்டு படிக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றிருக்க வேண்டும். ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, நிலத்தினூடே நடந்து, தாமே வினை தெரிந்து கதையைக் கொண்டுசெலுத்தும் விளையாட்டு வகைக்கு நிலமே முதன்மையானது. நிலத்தைக்கொண்டு இலக்கியத்தை வகுத்த மரபில் வந்தவர்க்கு இவ்வகை அயலானதன்று.

‘ஃபால்அவுட் 3’ கதைப்படி 2077இல் அணுப்போர் மூண்டு உலகம் அழிகிறது. 200 ஆண்டுகளுக்குப்பின், 2277இல், வாஷிங்டன் நகரின் இடிபாடுகளில் கதை நிகழ்கிறது. ஆடுபவர் ‘வால்ட் 101’ என்னும் நிலவறைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவருக்கு 19 வயதாகும்போது தந்தை சொல்லாமல் வெளியேறிவிட, பிள்ளையும் வெளியேறித் தேடிச்செல்கிறது. பாலைக்குத் தனிநிலம் இல்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதும் சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இவ்விளையாட்டின் நிலமும் அவ்வாறே திரிந்த நிலம். அதன் உரிப்பொருள் பிரிவு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. வடசென்னையைப் பற்றிப் பேசுவோர் எண்ணூரின் புகைபோக்கிகளையும் சாம்பல் படிந்த கழிமுகத்தையும் காட்டி, இத்தகைய விளையாட்டுகளின் பாழ்நிலத்தோடு ஒப்பிடுவதுண்டு. 2017 ஜனவரியில் எண்ணூரை அடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கசிந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகத்தில் பரவியதும் உண்மையே. ஆயினும் அங்கே வலை வீசுவோர் இன்றும் வீசிக்கொண்டுதான் இருக்கின்றனர். புழலிலிருந்து எழுதும் இக்கட்டுரையாளருக்கு அவ்வொப்புமை உவப்பானதன்று. இருப்பினும், திரிந்த நிலத்தில் வாழ்வோர்க்குச் செய்தி எங்கிருந்து வருகிறது, அவர்கள் சொல் எங்கே செல்கிறது என்னும் வினா இரு நிலங்களுக்கும் பொதுவானது.

குரல் முன்னும் கட்டடம் பின்னும்

ஆடுபவரின் மணிக்கட்டில் ‘பிப்-பாய்’ என்னும் கருவி இருக்கிறது. வரைபடமும் வானொலிப் பெட்டியும் அதுவே. நிலவறையை விட்டு வெளிவந்ததும் அதில் இரு நிலையங்கள் கேட்கத் தொடங்குகின்றன. ஒன்று ‘என்கிளேவ்’ வானொலி. அதில் அணிவகுப்பு இசையும், ஜான் ஹென்றி ஈடன் என்னும் குடியரசுத் தலைவரின் இனிய உரைகளும் ஒலிக்கின்றன. நிலமெங்கும் அது தெளிவாகக் கேட்கும். மற்றொன்று கேலக்ஸி நியூஸ் ரேடியோ. அதன் அறிவிப்பாளர் த்ரீ டாக். தொலைவு கூடக்கூட அவர் குரல் இரைச்சலில் கரையும். சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிக்கத் திருகியைத் திருப்பியும் பெட்டியைச் சாளரத்தருகே நகர்த்தியும் பழகிய தலைமுறைக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

ஆக, குரல் முதலில் அறிமுகமாகிறது. கட்டடம் நெடுநேரம் கழித்தே தோன்றுகிறது. தெருக்கள் இடிபாட்டால் அடைபட்டிருப்பதால், சுரங்க ரயில் பாதைகளுள் இறங்கி ஏறியே அங்குச் செல்லவேண்டும். நிலையத்தின் முன்முற்றத்தில் ‘பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல்’ என்னும் கவச வீரர்கள் பிறழ்வுற்ற பேருருவினரோடு போரிடுகின்றனர். அவர்களுள் மிகப்பெரிய ஒன்று முற்றத்தையே உடைத்துக்கொண்டு வருகிறது. அதனை வென்ற பின்னரே கதவு திறக்கும். உள்ளே மணல்மூட்டைகளும் காவலர்களும். மாடியில் ஒலிப்பதிவுக் கூடமும் அறிவிப்பாளரின் உறைவிடமும். நாள் முழுதும் காதில் ஒலித்த குரல் ஒரு சிறிய அறையில், கருப்புக் கண்ணாடி அணிந்த ஒரு மனிதராக நிற்கிறது. இச்சுருக்கமே இக்களத்தின் சிறப்பு எனலாம். இதற்கு நேர்மாறாக ஈடனின் இருப்பிடத்தை அடைபவர் அங்கு மனிதரையே காண்பதில்லை. அக்குரலுக்குரியது ஒரு கணினி.

பறையும் யாழும்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறை, செய்தி, யாழ் ஆகியவற்றையும் தொல்காப்பியர் கருப்பொருளுள் அடக்குகிறார். அங்குச் ‘செய்தி’ என்பது தொழிலைக் குறிக்கும். இன்றைய பொருளில் அதனைக் கொள்ளலாகாது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனிப்பறையும் தனியாழும் உண்டு என்பது மரபு. நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. அறிவிக்கும் ஒலியும் ஆற்றுவிக்கும் ஒலியும் வெவ்வேறு கருவிக்குரியவை, வெவ்வேறு கைகளுக்குரியவை. வானொலி என்னும் நவீனக் கருவி இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. த்ரீ டாக்கின் நிலையமும் அத்தகையதே. பில்லி ஹாலிடே, இங்க் ஸ்பாட்ஸ் குழுவினர் முதலியோரின் பழம்பாடல்களுக்கு இடையே செய்தியும், பாழ்நிலத்தில் உயிர்பிழைப்பதற்கான அறிவுரையும், தொடர்நாடகமும் அதில் ஒலிக்கின்றன.

பறையின் இருப்பிடத்தைப் பழந்தமிழ் இலக்கியம் பொருட்படுத்தியே பேசுகிறது. மணிமேகலையின் விழாவறை காதையில் புகார் நகரத்து இந்திரவிழாவை அறிவிக்கும் முரசு வச்சிரக்கோட்டத்திலிருந்து எடுத்து யானையின் பிடரியில் ஏற்றப்படுகிறது. தெருக்களை அழகுசெய்யவும் பகையும் பூசலும் தவிர்க்கவும் நகரத்தார் வேண்டப்படுகின்றனர். விழா மறந்தால் நகருக்குக் கேடு வரும் என்ற அச்சமும் அக்காதையில் உண்டு. முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரைச் சேரமான் தண்டியாது கவரி வீசிய நிகழ்ச்சியைப் புறநானூறு (50) போற்றுவது, அவ்விடம் எத்துணைக் காவலுக்குரியது என்பதனாலேயே. கவச வீரர் சூழ்ந்த நிலையத்துள் ஆயுதத்தோடு நுழையும் ஆடுபவரும் அத்தகைய காவலிடத்தில்தான் கால்வைக்கிறார். வேறுபாடு ஒன்றுண்டு. வச்சிரக்கோட்டத்து முரசு வீதிதோறும் கேட்போரை நாடிச் சென்றது. இந்நிலையமோ இருந்த இடத்தில் இருந்துகொண்டே எட்டும் தொலைவை நீட்டிக்க முயல்கிறது.

ஆடுபவர் விரும்பினால் த்ரீ டாக்கைக் கொன்றுவிடலாம். அப்போது மார்கரெட் என்னும் தொழில்நுட்பப் பணியாளர் ஒலிவாங்கியை ஏற்கிறார். பேச்சில் அவருக்கு நாட்டமில்லை. கட்டடமும் பாடல்களும் இருக்கும். நிலையம் மட்டும் இராது. இதனை வடிவமைப்பாளர்கள் எண்ணிச் செய்தது பாராட்டுக்குரியது.

யாழ் மட்டும் தனித்திருக்கும் நிலையமும் ஒன்று அதே நிலத்தில் உண்டு. அகதா என்னும் முதியவள் மரவீடொன்றில் காவலின்றி வாழ்கிறாள். கேட்பது ஒரு வயலின். அதனைத் தேடிக் கொடுத்தால் தன் சிறு வானொலியின் அலைவரிசையை அவள் நமக்குச் சொல்கிறாள். அதன்பின் அவள் வாசிப்பு நம் மணிக்கட்டில் கேட்கும். பெருங்கட்டடத்தைவிட இவ்வீடே மனத்தில் தங்குகிறது என்பது கட்டுரையாளரின் தனிக்கருத்து.

செய்தியின் விலை

அகமரபில் உடன்போக்கு நிகழ்ந்தபின் செவிலி சுரத்திடைத் தேடிச்செல்வாள், எதிர்ப்படுவோரை வினவுவாள். கண்டோர் கூறும் மறுமொழி அவளை ஆற்றுவிப்பதாகவோ திருப்பியனுப்புவதாகவோ அமையும். அம்மறுமொழிக்கு விலை கேட்ட கண்டோர் எவரையும் அம்மரபு காட்டவில்லை. ‘ஃபால்அவுட் 3’ இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. இங்கே பிள்ளை தந்தையைத் தேடுகிறது. எதிர்ப்படுவோர் விலை கேட்கின்றனர். மெகாடன் ஊரின் மதுக்கடைக்காரர் மோரியார்ட்டி, தந்தை சென்ற திசையைச் சொல்லக் காசு கேட்கிறார். அவர் இயல்பு அது. அவர் காட்டும் திசையில் சென்றால் த்ரீ டாக்கின் நிலையம்.

உண்மையையும் நற்போரையும் நாள்தோறும் முழங்கும் அறிவிப்பாளர் என்ன செய்கிறார்? தந்தை எங்கே போனார் என்பது அவருக்குத் தெரியும். சொல்வதற்கு முன் ஒரு பணி முடித்துத் தரவேண்டும் என்கிறார். தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் உள்ள நிலவுக்கலத்தின் அலைவாங்கித் தட்டைக் கழற்றி, வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பொருத்தவேண்டும். அது முடிந்தால் நிலையத்தின் குரல் பாழ்நிலம் முழுதும் எட்டும். பணி நல்ல பணியே. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் செய்தி வழங்குபவர், பிரிவால் அலையும் ஒருவருக்கு மட்டும் அதனை விற்கிறார். அவ்வளவில் அவருக்கும் மதுக்கடைக்காரருக்கும் வேறுபாடு நாணயத்தில்தான். பேச்சுத்திறன் மிக்க ஆடுபவர் அவரை இணங்கவைத்துப் பணியின்றியே செய்தி பெறலாம் என்பது விளையாட்டு விட்டுவைத்த வழி. அவ்வழியும் திறன் வாய்த்தவர்க்கே உரியது. துயர் உற்றவர்க்கு உரியதன்று. இக்கட்டடத்தின் வடிவமைப்பில் இதுவே பெருங்குறை எனக் கருத இடமுண்டு. விளையாட்டு இம்முரணைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை; வழக்கமான ஒரு பணியாகவே அதனைக் கடந்துசெல்கிறது.

கேட்போர் இடம்

சென்னையில் வானொலி 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தின் முயற்சியாகத் தொடங்கியது. கழகம் 1927இல் ஓய்ந்தபின் மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை மேற்கொண்டது. வீட்டில் பெட்டி இல்லாதோர் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கியின் கீழ்க் கூடிக் கேட்டனர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று எழும்பூரில் தொடங்கி, 1954இல் கடற்கரைச் சாலைக்கு இடம்பெயர்ந்தது. அக்கட்டடத்தின் முகப்பை அறியாதவர்களும் அதன் வானிலை அறிவிப்பை அறிவர். காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலுக்குச் செல்வதா வேண்டாமா என்பதை முடிவுசெய்ய உதவிய குரல் அது. பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் ‘கடலோசை’ என்னும் சமுதாய வானொலி மீனவர்க்கென்றே அமைந்தது. மீன்கோட்பறை மீண்டும் நெய்தலுக்கே வந்ததாகக் கொள்ளலாம்.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை நினைவுகூர்வோர் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களோடு, கடிதம் எழுதிய நேயர்களின் ஊரும் பேரும் வாசிக்கப்பட்டதையும் நினைவுகூர்வர். அதன் மரண அறிவித்தல்களில் இறந்தவரின் உறவினர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லப்பட்டனர். பிரிந்து வாழ்ந்த சுற்றம் அதனைக் கேட்டே அறிந்தது. புழல் காவாங்கரையில் ஈழத்தமிழ் ஏதிலியர் முகாம் இருக்கிறது. அத்தகைய இடத்தில் நின்று நோக்குவோர்க்கு வானொலியை ஒரு கட்டடமாக மட்டும் காண இயலாது.

கேலக்ஸி நியூஸ் ரேடியோ நிலையத்தில் இல்லாதது இதுவே. நாம் செய்யும் நன்மை தீமைகளை த்ரீ டாக் புகழ்ந்தும் பழித்தும் பேசுகிறார். நம் செயல் நமக்கே செய்தியாகத் திரும்புகிறது. வழியில் காண்போர் ஓரிருவர் அதுபற்றிச் சொல்வதுமுண்டு. ஆனால் பிப்-பாய் கேட்க மட்டுமே உதவும். அதன்வழி ஒரு சொல்லும் நிலையத்துக்குச் செல்லாது.

இக்குறையைப் பின்வந்த விளையாட்டொன்று ஓரளவு உணர்ந்தது. 2015இல் வெளிவந்த ‘ஃபால்அவுட் 4’ விளையாட்டில் ‘டைமண்ட் சிட்டி ரேடியோ’ சந்தைக்கு நடுவே ஒரு சிறு கொட்டகையாகச் சுருங்கிவிடுகிறது. அறிவிப்பாளர் டிராவிஸ் மைல்ஸ் கூச்சத்தால் சொற்களை விழுங்கித் தடுமாறுபவர். ஊரார் அவரைப் பற்றிக் குறைகூறுகின்றனர். மதுக்கடைக்காரர் ஒருவர், அவருக்குத் துணிவூட்ட ஆடுபவரோடு சேர்ந்து ஒரு நாடகமே ஆடுகிறார். முந்தைய விளையாட்டின் மதுக்கடைக்காரர் செய்தியை விற்றவர். இவர் நிலையத்தின் நேயர். அதன்பின் டிராவிஸின் குரல் தெளிந்து, தடையின்றி ஒலிக்கிறது. பழைய தடுமாற்றமே நன்றாயிருந்தது என்று தோன்றாமலும் இல்லை.