எழுதுறதே பெரிய விஷயம்

போன மாதம் ஒரு நாவல் கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். சயாம் மரண ரயில் பற்றிய நாவல். அதில் 1941 ஜூனிலேயே ஜப்பான்காரன் தோட்டத்துக்குள் வந்து ஆள் பிடிக்கிறான். ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியதே அந்த வருஷம் டிசம்பர் 8ஆம் தேதிதான். கேள்வி நேரத்தில் எழுந்து இதைச் சொன்னேன். பால்மரம் சீவுகிறவர்கள் எல்லாரும் ஏன் மேடைத் தமிழ் பேசுகிறார்கள் என்றும் கேட்டேன்.

நெறியாளர் சிரித்தார். "தம்பி, நம்ம நாட்டுல எழுதுறதே பெரிய விஷயம். குறைய பாக்காதீங்க, உணர்வ பாருங்க."

கைதட்டல். அடுத்த கேள்வி.

வருஷம் சரி என்றும் அவர் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கேட்டவன்தான் திடீரென்று ஈரமில்லாதவன் ஆகிவிட்டான். எழுதுவது பெரிய விஷயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்த வாக்கியம் உண்மை என்பதால்தான் அதை வைத்து வாயடைக்க முடிகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், 1961இல் வெளியான தன் புத்தகத்தில் இந்த மாதிரி வாக்கியங்களுக்கு ஒரு பெயர் வைத்தார். சிந்தனையை முடித்துவைக்கும் தேய்வழக்கு என்று தமிழில் சொல்லலாம். அவர் ஆராய்ந்தது கம்யூனிஸ்ட் சீனாவின் மூளைச்சலவையை. நம்ம இலக்கியக் கூட்டத்தை அதோடு ஒப்பிடுவது கொஞ்சம் ஓவர்தான். அங்கே சிறை, இங்கே மீகூனும் தேத்தண்ணியும்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. மொழியைப் பற்றிக் கேட்டால், "ஆவணமா பாருங்க" என்கிறார்கள். ஆவணத்தில் வருஷம் தப்பு என்றால், "நாவல்தானே" என்கிறார்கள். அந்தப் பாதையில் செத்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து போன நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அதுகூட இல்லை. அவர்களைப் பற்றிய நாவலில் வருஷமாவது சரியாக இருக்க வேண்டாமா?

நானும் யோக்கியன் இல்லை. நண்பனின் கவிதைத் தொகுப்புக்கு "முதல் முயற்சி, பாராட்டுவோம்" என்று எழுதினேன். பாதிதான் படித்திருந்தேன். அப்படி எழுதுவதற்கு அந்தப் பாதிகூடத் தேவைப்படவில்லை.

கூட்டம் முடிந்து மீகூன் தட்டோடு நின்றபோது நாவலாசிரியரே பக்கத்தில் வந்தார். "அந்த ஜூன் மாசம் எந்தப் பக்கம்னு சொல்லுங்க தம்பி, குறிச்சுக்கிறேன்."

பக்கத்தைப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பினேன். மேடைத் தமிழ் வரும் பக்கங்களையும் சேர்த்து.