பின்களத்தார் அடித்த கோல்கள்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து சென்றால் பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆகவே சிப்காட் ஆலைகளில் பணிபுரியும் நம் கால்பந்து அன்பர்களுள் பலர், மொழியால் தமிழராயினும், ஆட்டத்தால் பெங்களூரு பக்கம் சாய்ந்திருப்பதில் வியப்பில்லை. 2013இல் தோன்றிய பெங்களூரு எஃப்.சி. அணி அவர்களுக்கு ஓர் உறவினர் வீடு போன்றது. அந்த அணியைப் பற்றி ஷிப்ட் முடிந்த வேளைகளில் தேநீர்க் கடைகளில் எழும் வாதம் ஒன்றை இங்கு ஆராய விழைகிறோம்.

முதியோர் சொல்வது இது: முன்னாளில் வீரர்கள் பந்தோடு முன்னே பாய்ந்தனர்; இந்நாள் அணிகளோ தம் கோலைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டு, மூலை உதை ஒன்று வாய்க்காதா என்று காத்து நிற்கின்றன. இளையோர் மறுமொழி சுருக்கமானது: கோப்பையைக் கொண்டுவந்தது அந்த வேலிதானே?

இளையோர் பக்கம் சான்று வலுவானது. 2018 மார்ச் 17 அன்று, ஆல்பர்ட் ரோகாவின் பயிற்சியில் லீக் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த பெங்களூரு, தன் சொந்தக் கண்டீரவா அரங்கில் சென்னையின் எஃப்.சி.யை இறுதியாட்டத்தில் எதிர்கொண்டது. சுனில் சேத்ரி தொடக்கத்திலேயே கோல் அடித்தார். ஆயினும் 3-2 என வென்றது சென்னை. அன்று ஓசூரில் எத்தனை வீடுகள் இரண்டுபட்டனவோ, நாம் அறியோம்! சரியாக ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 17 அன்று, ரோகாவின் துணைவராயிருந்து பொறுப்பேற்ற கார்லஸ் குவாத்ராத்தின் அணி மும்பையில் கோவாவைச் சந்தித்தது. கோல்மழைக்குப் பேர்பெற்ற அணி கோவா. 90 நிமிடங்களில் இரு தரப்பும் கோல் போடவில்லை. கூடுதல் நேரத்தின் கடைசிக் கட்டத்தில் மூலை உதையொன்றை ராகுல் பேகே தலையால் முட்டிக் கோலாக்கினார். கோப்பை பெங்களூருவுக்கு வந்தது. அழகாய் ஆடிய ஆண்டில் தோல்வி, பொறுத்து ஆடிய ஆண்டில் வெற்றி என்று இளையோர் இதனை வைத்து வாதிடுகின்றனர்.

முதியோர் தம் பக்கத்துக்குப் பழம்பெருமையைத் துணைக்கழைக்கின்றனர். பெருமை பொய்யன்று. சந்தோஷ் கோப்பையை அந்நாளைய மைசூர் மாநிலம் நான்கு முறை வென்றது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா தன் முதல் ஒலிம்பிக் கோலைப் பிரான்சுக்கு எதிராக அடித்தபோது, அதை அடித்தவர் பெங்களூருவின் எஸ். ராமன். வீரருட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய ஆட்டம் அது. ஆனால் நினைவு தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 எனத் தோற்றோம். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என வீழ்த்தியது. நமக்கிருந்த ஒரே கோலும் பெங்களூருவின் அகமது கான் அடித்ததே. பாய்ந்து ஆடுவது மட்டுமே கலையாயின், அந்தப் பத்துக் கோல்களை எந்தக் கணக்கில் வைப்பது?

அந்த அடியை மறவாதவர் பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம். அவர் அணியின் அமைப்பையே மாற்றினார். 1956 மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் கொணர்ந்தது. அன்று கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். வெற்றிக் கோலை அடித்தவரோ ஜர்னைல் சிங். இயல்பில் அவர் பின்கள வீரர்! தலையில் காயம்பட்டிருந்த அவரை ரஹீம் முன்களத்தில் நிறுத்தினார். முதியோர் போற்றும் பொற்காலமும், ஆகவே, கணக்குப் பார்த்து ஆடிய காலமே.

ஐரோப்பாவிலும் இவ்வழக்கு பழையது. ஹெலேனியோ ஹெரேராவின் இண்டர் மிலான் 1964, 1965 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது, கதெனாச்சியோ எனும் முறையால். இத்தாலிய மொழியில் அதற்குத் தாழ்ப்பாள் என்று பொருள். 1967இல் லிஸ்பனில் அத்தாழ்ப்பாளை 2-1 என உடைத்தது கிளாஸ்கோவின் செல்டிக். ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்களின் பசியாற்றும் பொருட்டு மாரிஸ்ட் சகோதரர் வால்ஃப்ரிட் 1887இல் நிறுவிய கழகம் அது. தாக்கி ஆடுவோரின் திருவிழாவாக அவ்வெற்றி கொண்டாடப்படுகிறது. ஆனால் சமன் செய்த கோலை அடித்த டாமி ஜெம்மல் யார்? அவரும் பின்கள வீரரே. தாழ்ப்பாள் போட்டதாக நாம் பழிக்கும் இண்டரிலும், ஃபாக்கெட்டி என்ற பின்கள வீரர் ஓயாது முன்னேறிக் கோல்களை அடித்தவர். 2018இல் பெங்களூருவின் நெஞ்சைப் பிளந்து, தலையால் இரு கோல்கள் முட்டிய மைல்சன் ஆல்வசும் சென்னையின் பின்கள வீரர்தான்.

தற்காப்பைக் கோழைத்தனம் என்போர் தாலந்து உவமையை எடுத்துக்காட்டுவதைக் கேட்டிருக்கிறோம். அஞ்சிப் புதைத்து வைத்த ஊழியனுக்குக் கிடைத்த தீர்ப்பு கடுமையானதே. ஆனால் லூக்கா நற்செய்தியில், கோபுரம் கட்டுமுன் அமர்ந்து செலவைக் கணிப்பவனையும், இருபதாயிரம் பேரோடு வரும் பகைவனைப் பத்தாயிரம் பேரோடு எதிர்க்க இயலுமா என ஆய்ந்து பார்க்கும் அரசனையும் காட்டியவரும் அதே ஆண்டவர் அன்றோ? இளமையில் கோல்காப்பாளராய் நின்ற புனித இரண்டாம் யோவான் பவுல் இவ்விரண்டையும் எப்படிப் பொருத்தியிருப்பார் என எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

முதியோரின் மனக்குறையில் நாம் தள்ளிவிட முடியாத ஒன்று உண்டு. எட்டு மணிநேரம் ஒரே திருகாணியை ஒரே இடத்தில் முடுக்கும் தொழிலாளி, எண்ணிக்கைக்கும் இலக்குக்கும் கட்டுப்பட்டே வாழ்கிறார். விடுப்பு நாளில் அவர் காண விழைவது எண்ணிக்கையில் அடங்காத ஒன்றை. ஆடுகளத்திலும் அதே ஆலை ஓடுமாயின், பயணச் செலவும் நுழைவுச் சீட்டும் எதற்கு? இதற்கு, கோப்பை வந்ததே என்பது விடையாகாது.

குவாத்ராத்தின் 2019-20 பருவத்தை இங்குதான் எடைபோட வேண்டும். 18 லீக் ஆட்டங்களில் பெங்களூரு வாங்கிய கோல்கள் 13 மட்டுமே, அடித்தவையோ 22. அதே பருவத்தில் கோவா அடித்தவை 46. அரையிறுதியின் முதல் ஆட்டத்தை 1-0 என வென்று, 2020 மார்ச் 8 அன்று கொல்கத்தாவில் ஆஷிக் குருணியன் மூலம் தொடக்கத்திலேயே இன்னொரு கோலும் பெற்ற அணி, அதன்பின் மூன்று கோல்களை வாங்கி வெளியேறியது. 2021 ஜனவரியில் பயிற்றுநரும் விடைபெற்றார். காக்க மட்டுமே கற்ற அணிக்கு, காவல் உடைந்த பின் கையில் வேறொன்றும் இல்லை. அந்தப் பருவத்தைப் பற்றி முதியோர் கூறும் குறையை ஏற்கிறோம். ஆனால் பேகே தம் இடத்தை விட்டு எதிரணியின் கோல் முகம் வரை ஓடிய 2019 இறுதியாட்டத்தையும் அதே சொல்லால் பழிப்பதற்கு நாம் உடன்படுவதற்கில்லை.