முப்பத்தேழு பேரைச் சமாளிக்கும் கலை

2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு வெளிவந்தபோது அதன் பெரிய சவால்களில் ஒன்று மோல்டன் கோர். எரிமலைக்குள் பத்து பாஸ், அதாவது பெரிய எதிரிகள். உள்ளே போக 40 பேர். ஒரு பாஸை வீழ்த்தினால் தேறுகிற நல்ல பொருள் பெரும்பாலும் இரண்டு, மூன்று. மூன்று பேர் குதிப்பார்கள், 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். செத்த பாஸ் மறுபடி எழ ஒரு வாரம் ஆகும். அந்த 37 பேரையும் அடுத்த வாரம் அதே நேரத்துக்குக் கணினி முன்னால் உட்காரவைக்க வேண்டும். சம்பளம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, கோபம் வந்தால் ஒரே சொடுக்கில் கில்டை, அதாவது சேர்ந்து ஆடும் குழுவை, விட்டுப் போய்விடலாம். அதன் தலைவரான கில்ட் மாஸ்டரின் கலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர் வாள் வீசுவதில் எவ்வளவு கெட்டி என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க எல்லோரையும் விடமாட்டார்கள். பாயசம் தீர்ந்துபோன வரிசையில்கூட யாரும் முகம் சுளிக்காதபடி பேசத் தெரிந்த மாமா ஒருவர் இருப்பார், அவரைத்தான் நிறுத்துவார்கள். கில்ட் மாஸ்டருக்கும் அந்த நாக்கு வேண்டும். அதைவிடக் கண் வேண்டும்.

பாலடின் வகை வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப காலத்தில் அவர்கள் மற்றவர்களுக்குத் தரும் ஆசி ஐந்து நிமிடம்தான் நிற்கும். நாற்பது பேருக்கும் ஒவ்வொருவராக ஆசி போட்டு முடித்துக் கொஞ்ச நேரத்திலேயே முதலில் போட்டது தீர்ந்துவிடும். ராத்திரி முழுக்க இதே வேலை. அடித்த அடியைக் கணக்கெடுக்கும் பட்டியலில் பாலடினின் பெயர் அடியில் கிடக்கும். பாஸ் விழுந்ததும் எல்லோரும் முதலிடத்தில் இருக்கும் மந்திரவாதியைக் கொண்டாடும்போது, குரல் அரட்டையில் அந்த பாலடினின் பெயரைச் சொல்லி, எந்த நொடியில் அவர் யாரைக் காப்பாற்றினார் என்று சொல்கிறார் பாருங்கள் ஒரு தலைவர், அவரைத்தான் நான் ரசிப்பேன். பொதுவாக ‘எல்லோருக்கும் நன்றி’ என்றால் யார் காதிலும் விழாது.

பங்கீட்டைக் கணக்காக்கப் பார்த்தவர்களும் உண்டு. 1999ல் எவர்குவெஸ்ட் விளையாட்டில் ஆஃப்டர்லைஃப் என்ற கில்ட், நாகஃபென், வாக்ஸ் என்ற இரண்டு டிராகன்களை வேட்டையாடிய காலத்தில் ஆரம்பித்துவைத்தது டி.கே.பி. முறை. வந்து உழைத்தால் புள்ளி, புள்ளியைக் கொடுத்தால் பொருள். கணக்கு சுத்தம்தான். ஆனால் பழைய ஆட்கள் புள்ளியைப் பதுக்குவார்கள், புதியவர் மாதக்கணக்கில் வேடிக்கை பார்ப்பார். மாற்று வழி லூட் கவுன்சில்: சில ஆபீசர்கள் கூடிப் பேசி, இது இன்னாருக்கு என்று முடிவு செய்வது. சந்தேகம் புகையும் என்பது நிஜம். ஆனாலும் தேர்ந்த தலைவர் கையில் இதுவே உசத்தி என்பேன், ஏனென்றால் காரணத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

தண்டர்ஃப்யூரி என்ற வாளுக்கு இரண்டு துண்டு வேண்டும். கார், கெடான் என்ற இரண்டு பாஸ்களிடமிருந்து அபூர்வமாக விழும். எடுத்தவரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கைமாற்ற முடியாது. அவர் அடுத்த மாதம் வேறு கில்டுக்குத் தாவினால் அத்தனை பேர் உழைப்பும் கூடவே போகும். புள்ளிக் கணக்கு இங்கே என்ன செய்யும்? முன்னால் நின்று அடி வாங்கும் டேங்குக்கே என்று அறிவித்து, ஏன் என்பதை இரண்டே வாக்கியத்தில் சொல்லி, ஆசையோடு காத்திருந்த ரோக் வகை வீரரின் வாயிலிருந்தும் வாழ்த்தை வரவைத்தால் அது கைதேர்ந்த வேலை. (தனக்குக் கடைசியில்தான் என்று தியாகம் பேசும் தலைவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவரே டேங்காக இருந்தால், அவர் கவசம் தேறாதவரை நாற்பது பேரும் செத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.)

திட்டுவதிலும் பதம் இருக்கிறது. ஓனிக்ஸியா என்ற டிராகனின் குகையில் யாரோ முட்டைகள் பக்கம் ஒதுங்கிக் குஞ்சுகளைக் கிளப்பிவிட, ஐம்பது புள்ளி கழிப்பேன் என்று தொண்டை கிழியக் கத்திய ஒரு தலைவரின் ஒலிப்பதிவு உலகம் முழுக்கப் பரவிச் சிரிப்பாய்ச் சிரித்தது. கேட்க ருசிதான். அவருக்குக் கீழே விளையாட நான் போகமாட்டேன்.

தலைவர்களின் நிஜச் சோதனை 2007ல் வந்தது. பர்னிங் க்ரூசேட் என்ற விரிவாக்கத்தில் பெரிய ரெய்டு (கூட்டுப் படையெடுப்பு) 40லிருந்து 25 ஆகச் சுருங்கியது. அதற்கு முன்படியான காரஸான் என்ற ரெய்டுக்கோ பத்துப் பேர். இரண்டு குழு போட்டால் ஐந்து பேர் வெளியே, மூன்று போட்டால் ஐந்து பேர் குறையும். முதல் குழு, இரண்டாம் குழு என்று பேச்சு வந்ததுமே ஜாதி பிரிந்துவிடும். பல கில்டுகள் உடைந்தன. கெட்டிக்காரர்கள் பலமான ஆட்களைக் குழுக்களுக்குள் கலந்து போட்டார்கள். வேகம் குறைந்தது, கில்ட் பிழைத்தது.

2018ல் பாட்டில் ஃபார் அஸெராத் என்ற விரிவாக்கம் வந்தபோது, தலைவர் கையால் பங்கிடும் வசதியையே எடுத்துவிட்டார்கள். 2019ல் பழைய ஆட்டத்தை மறுபடி தந்த கிளாசிக் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கூடவே ஜி.டி.கே.பி. தழைத்தது: ஒவ்வொரு பொருளையும் ஆட்டத் தங்கத்துக்கு ஏலம் விட்டு, சேர்ந்த தொகையை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது. யாரும் வெறுங்கையோடு போவதில்லை. யாரும் அடுத்த வாரம் திரும்பி வரவேண்டிய அவசியமும் இல்லை. 2024ல் கிளாசிக்கின் சீசன் ஆஃப் டிஸ்கவரியில், ஆட்டத்தை உருவாக்கிய பிளிஸார்ட் ஜி.டி.கே.பி.யைத் தடை செய்தது. சரியான முடிவு என்பேன்.