எஃப்-1 முதல் எஃப்-9 வரை

கோவை, ஈரோடு, குமாரபாளையம், திருச்செங்கோடு, ஊட்டி என்று திருப்பூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் பார்மசி கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஏதாவதொன்றின் நூலகத்தில் எம்.பார்ம் ஆய்வேடு ஒன்றை உருவிப் பாருங்கள். பெரும்பாலும் கதை இதுதான்: ஏற்கெனவே சந்தையில் விற்கும் ஒரு மருந்து, அதை வயிற்றில் மெல்லக் கரையவைக்க ஹெச்.பி.எம்.சி. போன்ற ஒரு பாலிமர்; அளவை மாற்றி மாற்றிச் செய்த ஒன்பது கலவைகள், எஃப்-1 முதல் எஃப்-9 வரை. 37 டிகிரி சூட்டில், 900 மில்லி திரவத்தில் மாத்திரையைப் போட்டு, எவ்வளவு கரைந்தது என்று மணிக்கொரு தரம் அளப்பார்கள். 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள். கடைசியில் எஃப்-7 அல்லது எஃப்-8 'சிறந்தது' என்று அறிவிப்பார்கள். ஒன்பதும் தோற்றன என்று முடியும் ஆய்வேடு கண்ணில் படுவது அபூர்வம்.

பனியன் கம்பெனியில் ஒரே பேட்டர்னை வைத்துக் கலரை மட்டும் மாற்றி வெட்டுவது போலத்தான் இதுவும். அடுத்த வருடம் மருந்து மாறும், பாலிமர் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். பக்கத்துத் துறைகளிலும் இதே நிலைதான். மூலிகைத் துறையில் ஓர் இலையின் சாறு, மருந்தியல் துறையில் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகள், பகுப்பாய்வுத் துறையில் இரண்டு மருந்துகளை ஒரே ஓட்டத்தில் அளக்க ஒரு ஹெச்.பி.எல்.சி. முறை.

இதை வெறும் கேலியாகப் பேசிவிட்டுப் போவது நியாயமில்லை. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் பார்மசிக் கல்வியைத் தொடங்கியபோதே அவர் கண் மருந்துத் தொழிற்சாலையின் மேல்தான் இருந்தது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கு அல்லாமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. 2005இல் அது மாறும்வரை, அடுத்தவர் கண்டுபிடித்த மருந்தை வேறு வழியில், மலிவாக, அதே தரத்தில் செய்வதே இந்திய மருந்துத் தொழிலின் சாமர்த்தியம். இன்றும் ஜெனரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் நடப்பது எஃப்-1 முதல் எஃப்-9 வரைதான். மூல மருந்து கரையும் வேகத்தோடு நம் மாத்திரையின் வேகத்தை ஒப்பிட்டு, ஒப்புமை எண் 50ஐத் தாண்டும்வரை கலவையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வருடப் படிப்பு கை பழக்கிவிடுகிறது. துகள் ஏன் அச்சில் ஒட்டுகிறது, மாத்திரை ஏன் தொப்பி கழன்றாற்போல் பிளக்கிறது என்பதெல்லாம் புத்தகத்தைப் படித்தால் மட்டும் கைக்கு வராது. பட்டறைப் பயிற்சி என்ற வகையில் இந்த ஆய்வேடு நல்ல சரக்கு. அதற்கு 'ஆராய்ச்சி' என்று பெயர் வைக்கும்போதுதான் சங்கடம் வருகிறது.

ஆராய்ச்சி என்றால் முதலில் ஒரு கேள்வி வேண்டும். இங்கே தலைப்பு எங்கிருந்து பிறக்கிறது? பெரும்பாலும் 'கிஃப்ட் சாம்பிள்' எனும் அன்பளிப்பிலிருந்து. எந்த மருந்துக் கம்பெனி 50 கிராம் மூலப்பொருளை இலவசமாகக் கொடுக்கிறதோ, அந்த மருந்துதான் அந்த வருடத்து ஆராய்ச்சி. நன்றியுரைப் பக்கத்தைப் படித்தாலே தலைப்பின் பிறப்பு ரகசியம் தெரிந்துவிடும். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான்கு செமஸ்டரில் முதல் இரண்டு பாடத்துக்குப் போய்விடும். மீதியில் விலங்கு நெறிக்குழு அனுமதி, ரசாயனம் வந்து சேரும் தாமதம் எல்லாம் போக, உருப்படியாக மிஞ்சுவது சில மாதங்கள். முதுகலை பார்மசி நுழைவுத் தேர்வான ஜிபேட்டில் தேறினால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. தேறாதவருக்கு அதுவும் இல்லை. ஓவர்டைம் பார்க்கும் டைலர் இதைவிடக் கூட வாங்குவார்.

முனைவர் பட்டத்தில் இதே பழக்கம் இன்னும் ஆழமாக வேர்விடுகிறது. பதவி உயர்வுக்காகப் பகுதிநேரமாகப் பதிவு செய்யும் ஆசிரியர்கள் ஏராளம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற விதி, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் இதழ்களை வளர்த்தது. 2018இல் யுஜிசி தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. 2022 நவம்பரில் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. நெருக்கடி குறைந்தது சரி, அதனால் மட்டும் கேள்விகள் மாறிவிடாது.

கேள்விகள் வாசலிலேயே கிடக்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் பெண்கள் சுமார் நூறு பேரிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் வேலை நிற்காதபடி கம்பெனியிலேயே மாத்திரை கொடுத்தார்கள் என்றனர் அந்தப் பெண்கள். அதில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. பக்கவிளைவு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. உடல்நலம் கெட்டது என்று பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். செய்தி வந்த பிறகு, கண்காணிப்போம் என்று அரசு அறிவித்தது.

இது முழுக்க முழுக்கப் பார்மசிக் கேள்வி. அது என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், யார் கையால் கொடுக்கப்பட்டது, மாதாமாதம் வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன ஆகும்? முதல் இரண்டுக்கும் விடை சொல்ல, இரண்டாம் ஆண்டு மாணவர் ஏற்கெனவே ஓட்டிப் பழகிய அதே ஹெச்.பி.எல்.சி. கருவி போதும். நூலாலை, விசைத்தறி, சாயப்பட்டறை ஊர்களுக்கு நடுவே இத்தனை ஆய்வகங்கள் இருந்தும் இந்தச் சேதி வெளியே வரச் செய்தியாளர்கள் தேவைப்பட்டார்கள். கோவையின் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926இல் பிறந்தது நூலாலைக் குடும்பத்தின் செல்வத்தில். அதன் பார்மசி கல்லூரி 2001இல் வந்தது. ஆலைக்கும் பார்மசிக்கும் இந்த மண்ணில் உறவு இல்லாமல் இல்லை, ஆய்வுத் தலைப்புகளில்தான் அந்த உறவைத் தேட வேண்டியிருக்கிறது.

கல்லூரிகள் தரப்பு வாதத்துக்கும் கனம் உண்டு. மருத்துவமனையில் மருந்துப் பயன்பாட்டை ஆராய பார்மசி பிராக்டிஸ் பிரிவும், 2008இல் வந்த பார்ம்.டி. படிப்பும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் எல்லை பெரும்பாலும் மருத்துவமனை வார்டோடு நின்றுவிடுகிறது. ஆலைக்குள் போவதும் எளிதல்ல. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், 500 பேருக்கு மேல் இருந்தால் தனி மருத்துவ அறையும் கேட்டது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எண்ண ஒரு மாணவரை எந்த முதலாளி உள்ளே விடுவார்? வெளிநாட்டு பையரின் ஆடிட்டருக்குத் திறக்கும் கேட் அவருக்குத் திறக்காது. இது உண்மையான தடை. ஆனால் கம்பெனி கேட்டுக்கு வெளியே மெடிக்கல் ஷாப் இருக்கிறது, இஎஸ்ஐ மருந்தகம் இருக்கிறது, ஷிப்ட் முடிந்து பெண்கள் திரும்பும் விடுதியும் வாடகை வீடும் இருக்கின்றன. நெறிக்குழு அனுமதியோடு அங்கே கேட்கலாம்.

துணியிலேயே மருந்தை ஏற்றுவது இன்னொரு பக்கம். கோவையில் 1956 முதல் இயங்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா, இன்று மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையமும்கூட. 2020இல் கொரோனா கவச உடைகளைச் சோதித்துச் சான்று கொடுத்த ஆய்வகங்களில் அதுவும் ஒன்று. அதே ஆண்டில் திருப்பூரின் பவர் டேபிள்கள் முகக்கவசமும் கவச உடையும் தைத்தன. காயத்தில் கட்டும் துணி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மருந்தை விடும் என்பது, மாத்திரை கரைவதை அளக்கிற அதே கணக்கு. ஆங்காங்கே கூட்டு முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் பார்மசி மாணவருக்கு நிட்டிங் தெரியாது, டெக்ஸ்டைல் மாணவருக்கு மருந்து தெரியாது. இருவருக்கும் வழிகாட்டி வேறு, பல்கலைக்கழகமே வேறு. இருவர் பெயரிலும் ஒரே ஆய்வேட்டை ஏற்க இன்றைய விதிகளில் இடமில்லை என்பதால், யார் உழைப்பு யார் கணக்கில் சேரும் என்ற சச்சரவிலேயே பாதி முயற்சி நின்றுபோகிறது.

செலவு அதிகம் பிடிக்காத மாற்றம் ஒன்று உண்டு. மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்தில் தலைப்பை ஏற்கும் குழுவில் இஎஸ்ஐ மருத்துவர் ஒருவரையும் சிட்ராவிலிருந்து ஒருவரையும் உட்காரவைத்து, 'இந்த விடை யாருக்கு வேண்டும்?' என்று மாணவரை அல்ல, வழிகாட்டியைக் கேட்கச் சொல்லலாம். எஃப்-1 முதல் எஃப்-9 வரை அப்போதும் இருக்கும், பத்தில் ஆறேழு ஆய்வேடுகளில்.